ஒரு நூல் அகலமான பிரிட்ஜ்

டேப்பு என்று தெருவே கூப்பிடும் தையல்காரர் தன் வாழ்நாளில் முழுதாக முடித்த காரியம் எது என்று கேட்டால் கல்யாணம் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். அதையும் எதிர்த்தரப்புதான் முடித்துவைத்தது. மற்றபடி அவர் தைக்கும் ஒவ்வொரு சட்டையிலும் கடைசிப் பொத்தான் மட்டும் தைக்கப்படாமல் இருக்கும். "ஒருதடவ போட்டுப் பாத்துருங்க, அப்புறம் வச்சுடலாம்" என்பார். போட்டுப் பார்த்தவர்கள் அப்படியே போய்விடுவார்கள். எங்கள் தெரு ஆண்கள் நேர்முகத் தேர்வுக்கும் நீதிமன்றத்துக்கும் பெண் கேட்கவும் ஒரு பொத்தான் குறைவாகத்தான் போய் வந்திருக்கிறார்கள். அது எங்கள் தெருவின் பாணி என்று வெளியாட்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் மறுக்கவில்லை.

கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு டேப்தான் பெயருக்குக் காரணம். குளிக்கும்போது மட்டும் கழற்றுவார் என்று அவர் மனைவி சொல்கிறார். அதற்கு வேறு சாட்சி இல்லை, தேவையும் இல்லை. அளவெடுத்தால் கை தானாக ஒரு நூல் கூட்டிவிடும். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. தையலுக்குப் பிடிக்க வேண்டும், துவைத்தால் சுருங்கும், மனிதன் என்றால் சாப்பிடுவான். ஆகவே ஒரு நூல். துணியோடு இந்தத் தருமம் நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி போட அளவு கொடுத்தார். வந்த கண்ணாடி சட்டத்துக்குள் போக மறுத்தது.

"ஏங்க, கண்ணாடி சுருங்குமா?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

"சொல்ல முடியாதுங்க" என்றார் டேப்பு, உண்மையான அக்கறையோடு.

அவருடைய கடை அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழேயே இருக்கிறது. இரண்டு தையல் மிஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, பாதி உயரத்துக்கு வெட்டுத்துணி மறைத்த ஒரு கண்ணாடி. சுவரில் தனி ஆணியில் பெரிய துணிக் கத்தரி. அந்த ஆணியில் வேறு எதுவும் மாட்டக்கூடாது. அந்தக் கத்தரியால் துணியைத் தவிர வேறு எதையும் வெட்டக்கூடாது. காகிதம் பட்டாலே முனை மழுங்கிவிடும் என்பது தையல்காரர்களின் வேதம். ஒருமுறை அவருடைய மச்சினன் அதை எடுத்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிட்டார். அதற்குப் பிறகு மாமனும் மச்சினனும் மறுபடி பேசிக்கொள்ள ஒரு மழைக்காலமே ஆயிற்று.

தைத்து முடித்த (அதாவது முடிக்காத) சட்டைகள் தொங்கும் கம்பியில், அவற்றுக்கு நடுவே, ஒரு எலக்ட்ரிக் கிட்டாரும் தொங்கும். அதற்கு அவரே தைத்த உறையில் உள்துணி உண்டு, இரண்டு பை உண்டு, காலர் உண்டு. காலர் எதற்கு என்று கேட்டவர்களிடம், "கழுத்து இருக்குல்ல?" என்று திருப்பிக் கேட்டார்.

கிட்டார் எப்படி வந்தது என்பதைச் சொல்ல மனைவியைச் சொல்ல வேண்டும். அவர் டிரைவிங் டீச்சர். டீச்சர் என்றே நாங்களும் சொல்கிறோம். அவருடைய காரில் பக்கத்து சீட்டுக்கு அடியிலும் ஒரு பிரேக் உண்டு. பல வருடங்களாக அடுத்தவர்களின் தவறுகளை அந்த பிரேக்கால் நிறுத்தி நிறுத்தி, இப்போது வீட்டில் யாராவது பால் பாத்திரத்தை ஓரத்தில் வைத்தால்கூட அவர் வலது கால் தரையை அழுத்தும். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் அவர் ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "சரி, ஓரமா நிறுத்துங்க." எப்பேர்ப்பட்ட மாணவரும் அந்தக் குரலுக்கு நின்றுவிடுவார்.

இளைஞராக இருந்தபோது டேப்பு அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். லைசென்ஸ் கிடைத்த பிறகும் வகுப்புக்கு வந்த மாணவர் அந்தப் பள்ளியின் வரலாற்றில் அவர் ஒருவர்தான். "ரிவர்ஸ் இன்னும் சரியா வரலைங்க" என்று காரணம் சொன்னார். ரிவர்ஸ் வருவதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில் பழைய கிட்டார் ஒன்றை வாங்கி, மனைவிக்காக ஒரு பாட்டு கட்டினார்.

"கண்ணாடியப் பாத்துக்க, கைய மெல்ல காட்டிக்க, கிளட்ச்ச விடும் நேரத்துல மூச்ச மட்டும் விட்டுக்க" என்று தொடங்கும் அது. இலக்கியத் தரம் பற்றி நமக்குக் கருத்து இல்லை. முதல் சரணத்தில் கார் கிளம்பும். இரண்டாவதில் சிகப்பு விளக்கில் நிற்கும். மூன்றாவதில் மழை பிடித்துக்கொள்ளும், வைப்பர் வேலை செய்யாது. அங்கே டேப்பு முதல் கம்பியை விரலால் மேலே தள்ளி ஒரு உச்ச ஒலியை எழுப்புவார். அது முடிந்ததும் கடைசிச் சரணம்: கார் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது.

அந்தக் கடைசிச் சரணத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை. உச்ச ஒலியில் முதல் கம்பி அறுந்துவிடும். ஒவ்வொரு கல்யாண நாளிலும், ஒவ்வொரு விருந்திலும், அதே இடத்தில், "டங்" என்று. கிட்டாரின் அடிப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் உலோகத் தகட்டுக்கு பிரிட்ஜ் என்று பெயர். அதில் கம்பிக்கு ஒன்றாக ஆறு சின்னத் துண்டுகள் இருக்கும். கம்பி அதன் மேல் ஏறி உட்காரும். டேப்புவின் கிட்டாரில் முதல் துண்டில் ஒரு பிசிறு. கம்பியை இழுத்தால் அது கத்தியாகிவிடும். வேர்வை பட்டுப் பட்டுத் திருகுகளும் துருவேறிப்போயிருந்தன. கம்பி அறுந்ததும் டேப்பு கிட்டாரை இறக்கி வைத்து, பெருமூச்சு விட்டு, "என்ன பண்றது, இன்னிக்கும் குடுத்து வைக்கல" என்பார். எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள். பிறகு சாப்பாடு.

"அந்தக் கடைசி நாலு வரிய வாயாலயாவது சொல்லுங்களேன்" என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

"வாயால சொன்னா அது பாட்டாம்மா? அட்ரஸ் மாதிரி இருக்கும்."

கடைசிச் சரணம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதுதான் இங்கே வாசகர் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை. டேப்பு அதை எழுதவே இல்லை. அந்தக் கார் எங்கே போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியவில்லை. முதல் வருடம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கம்பி அறுந்து காப்பாற்றியது. அதற்குப் பிறகு கம்பியை நம்பியே குடும்பம் நடத்தினார். மனைவிக்கென்று கட்டிய பாட்டு பாதியில் நிற்கிறது என்று மனைவியிடம் எப்படிச் சொல்வது? வருடம் ஆக ஆகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. ஒரு பிசிறை நம்பி ஒரு மனிதனின் மானம் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த ஏற்பாட்டில் மண்ணைப் போட வந்தவர் அதே மச்சினன். லிஃப்ட் மெக்கானிக் என்பதால் அவருக்குப் பெயர் லிஃப்ட்டு. போன கல்யாண நாளன்று அறுந்த கம்பியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"மாமா, எப்பவும் இதே எடத்துலதான் அறுவுது. பிசிறு இருக்கு. அரம் இருந்தா அஞ்சு நிமிஷ வேல."

டேப்புவுக்கு வேர்த்தது. அரத்தை விட மெதுவான ஒன்று உடனடியாகத் தேவைப்பட்டது.

"மாப்ள, அது இசைக்கருவி. உன் லிஃப்ட்டுக் கதவு இல்ல, அராவி விடறதுக்கு. திருகெல்லாம் துருப்பிடிச்சிருக்கு பாரு. மாத்துனா முழு பிரிட்ஜையும்தான் மாத்தணும். நல்லதா தேர்ந்தெடுக்கணும்."

"அப்ப தேர்ந்தெடுங்க. அடுத்த கல்யாண நாளுக்கு நான் முழுப் பாட்டையும் கேக்கணும்" என்றார் டீச்சர். வலது கால் தரையை அழுத்தியது.

தேர்ந்தெடுப்பது என்றால் டேப்புவுக்குக் கொண்டாட்டம். அவர் கடையில் ஒரு பேன்ட் துணி தேர்ந்தெடுப்பதற்குள் வாடிக்கையாளரின் இடுப்பளவே மாறிவிடும். இசைக்கருவிக் கடைக்காரர், முடியைப் பின்னால் கட்டிய அமைதியான மனிதர், கறுப்புத் துணி ஒன்றை விரித்து அதன் மேல் பிரிட்ஜ்களை வரிசையாக வைத்தார். டேப்பு முதலில் துணியைத் தடவிப் பார்த்தார்.

"பாலியஸ்டர் கலந்தது" என்றார்.

"பிரிட்ஜப் பாருங்க சார்."

பார்த்தார். பித்தளைத் துண்டுகள் வைத்தது ஒன்று. அதில் ஓசை கொஞ்சம் கதகதப்பாக இருக்கும் என்றார் கடைக்காரர். எஃகு வைத்தது ஒன்று. ஓசை தெளிவாக, கறாராக வரும். கைப்பிடி வைத்தது ஒன்று. அதை அசைத்தால் ஓசை தள்ளாடும். வெள்ளி நிறம், தங்க நிறம், கறுப்பு.

"கறுப்பு சாயம் போகுமா?"

கடைக்காரர் சிரிக்க வாயெடுத்து, யோசித்து, சிரிக்காமல் சொன்னார்: "வேர்வைக்குப் போகும் சார்."

"பாத்தீங்களா!" என்று டேப்பு வெற்றியோடு வீடு திரும்பினார். கறுப்பை நிராகரித்ததே அன்றைக்குப் பெரிய வேலை.

அடுத்த முறை தங்க நிறத்தை நிராகரித்தார். சட்டைக்கு மேல் நகை போட்ட மாதிரி இருக்கிறதாம். அதற்கடுத்த முறை கைப்பிடி வைத்ததை நிராகரித்தார், "எங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு கியர் இருக்கு." பிறகு பித்தளையா எஃகா என்ற கேள்வி வந்தது. அதில் சில மாதங்கள் சுகமாகக் கழிந்தன. ஒருநாள் கடைக்காரர் உள்ளே போய், உருளை வைத்த பிரிட்ஜ் ஒன்றைக் கொண்டுவந்தார். கம்பி உருளையின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும், உராயாது.

"இதுல கம்பி அறுவுறதுக்கு வாய்ப்பே கம்மி சார்."

டேப்பு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அவ்ளோ தேவையில்லைங்க" என்றார். பிறகு, பித்தளையில் ஒரு சின்னத் துண்டு வெட்டிக் கொடுத்தால் வீட்டில் காட்டிக் கேட்டுவிட்டு வருவேன் என்றார்.

"பிரிட்ஜ்லயா?"

"துணிக்கடையில குடுப்பாங்க."

கடைக்காரர் கறுப்புத் துணியை மடித்துவிட்டார்.

கல்யாண நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை டீச்சர் கணவரைப் பயிற்சிக் காரில் ஏற்றி, இசைக்கருவிக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"அளவெடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"நான் இன்ஜின ஆஃப் பண்ணப் போறதில்ல. வாங்கிட்டு வாங்க."

கடைக்காரர் பித்தளை வைத்ததை எடுத்தார். "இதுல ரெண்டு சைஸ் வரும் சார். சின்னது, பெருசு. முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் நடுவுல எவ்ளோ இருக்கு?"

டேப்பு காலையில் அளந்ததை நினைவிலிருந்து சொன்னார்: இரண்டு அங்குலம், ஒன்றரை நூல். கடைக்காரர் மனக்கணக்குப் போட்டார். "அப்ப பெருசு" என்று பொட்டலம் கட்டினார்.

சனிக்கிழமை மதியம் லிஃப்ட்டு கருவிப் பெட்டியோடு தையல் கடைக்கு வந்தார். கம்பிகளைக் கழற்றி, துருப்பிடித்த திருகுகளை எண்ணெய் விட்டு இளக்கி, பழைய பிரிட்ஜை எடுத்தார். புதியதை வைத்தார். திருப்பி எடுத்தார். பழையதன் மேல் புதியதை வைத்துப் பார்த்தார்.

"அக்கா, கொஞ்சம் வா."

துளைகள் சேரவில்லை. முதல் கம்பியும் ஆறாவது கம்பியும் கிட்டாரின் கழுத்தை விட்டு வெளியே நடந்து போகும் அகலம். லிஃப்ட்டு தன் அளவுகோலால் பழையதை அளந்தார்: இரண்டு அங்குலம், அரை நூல்.

"மாமா, ஒரு நூல் சேத்திருக்கீங்க. கிட்டார் இனிமே வளருமா?"

"தையலுக்கு" என்று டேப்புவின் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே புரிந்தது.

இத்தனை மாதமாக அவர் சொன்ன பொய்க் காரணங்கள் அத்தனையையும் குடும்பம் நம்பியது. கறுப்புச் சாயம் போகும், நம்பினார்கள். பித்தளை மழைக்காலத்தில் சுணங்கும், அதையும் நம்பினார்கள். அவர் முதல்முறையாகச் சத்தியமாகவே தவறு செய்தபோது ஒருவரும் நம்பவில்லை.

"வேணும்னே பண்ணிருக்கீங்க" என்றார் டீச்சர்.

"இல்லம்மா, கை தானா..."

"ஒரு வருஷமா இழுத்தீங்க. இப்ப இது."

டேப்பு எழுந்து போய், ஆணியில் தொங்கிய கத்தரியின் மேல் கையை வைத்தார். "இது மேல சத்தியம். இத மட்டும் வேணும்னு பண்ணல."

அந்தக் கத்தரியின் மேல் அவர் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டார் என்று இருவருக்கும் தெரியும். 'இத மட்டும்' என்ற சொற்களையும் டீச்சர் கவனித்தார். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய், சின்ன அளவை மாற்றிக்கொண்டு வந்தார். லிஃப்ட்டு மாட்டினார். பொருந்தியது. கம்பி போட்டு, முதல் கம்பியை இழு இழு என்று இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"கல்லு மாதிரி நிக்குது மாமா. நாளைக்கு ஜமாய்ங்க!"

ஞாயிறு காலை டேப்பு கடைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சரணம் எழுத உட்கார்ந்தார். கார் எங்கே போய்ச் சேர்ந்தது? கடற்கரை என்று எழுதினார். அங்கே அவர்கள் போனதே இல்லை. வீடு என்று எழுதினார். வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்த இடம் கிடையாது. வேறு எதுவும் தோன்றவில்லை. வேறு எதுவும் தோன்றாத கை சும்மா இருக்குமா? பக்கத்தில் கிடந்த சட்டையை எடுத்துக் கடைசிப் பொத்தானைத் தைத்தது. அடுத்ததை எடுத்தது. மதியத்துக்குள் கம்பியில் தொங்கிய எல்லாச் சட்டைகளுக்கும் எல்லாப் பொத்தானும் வந்துவிட்டன. சட்டை வாங்க வந்த பக்கத்துக் கடை பேக்கரிக்காரர் எண்ணிப் பார்த்துவிட்டு, "என்ன டேப்பு, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டாராம்.

மாலையில் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினோம். டீச்சரின் பழைய மாணவர்கள் சிலர், தெருக்காரர்கள் சிலர். மேசையில் சாப்பாடு மூடி வைத்திருந்தது. டேப்பு சுவர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். லிஃப்ட்டு தன் கருவிப் பெட்டியைக் கவிழ்த்துத் தாளம் போட்டார்.

கார் கிளம்பியது. சிகப்பில் நின்றது. மழை வந்தது, வைப்பர் ஓடவில்லை. டேப்பு முதல் கம்பியைத் தள்ளினார். பழக்கதோஷத்தில் நாங்கள் எல்லோரும் உச்சுக் கொட்டத் தயாராக நாக்கை மடித்தோம். ஒலி ஏறியது, உச்சிக்குப் போய் அங்கேயே நின்று அதிர்ந்தது. பித்தளை என்பதாலோ என்னவோ கதகதப்பாகத்தான் இருந்தது. கம்பி அறுவதாகத் தெரியவில்லை. டேப்பு அதைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு, கண்ணை மூடிக்கொண்டு, "கண்ணாடியப் பாத்துக்க" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

கார் இரண்டாவது முறை கிளம்பியது. மூன்றாவது முறையும் மழை பிடித்தது. ஒவ்வொரு உச்ச ஒலியிலும் அவர் கம்பியை இன்னும் பலமாகத் தள்ளினார். அது இன்னும் அழகாகப் பாடியது. பிரிட்ஜ் என்றால் அது பிரிட்ஜ். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. ஒரு பழைய மாணவர் தாளம் தப்பாமல் கொட்டாவி விட்டார்.

"மாமா, முடிங்க" என்று லிஃப்ட்டு பல்லிடுக்கில் சொன்னார்.

"எங்கடா முடிக்கிறது?" என்று டேப்பு பாட்டின் மெட்டிலேயே கேட்டார். அவர் நெற்றியில் வேர்வை. கல்யாணமான நாளிலிருந்து மறைத்த பாரம் முகத்தில் ஏறிவிட்டது. இன்னும் ஒரு சுற்று போனால் அழுதுவிடுவார் போலிருந்தது.

டீச்சரின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. நான்காவது முறை கார் சிகப்பு விளக்கைத் தாண்டியபோது அவர் எழுந்து கதவைத் திறந்துகொண்டு போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தோம். டேப்புவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தத் தெரியவில்லை. மழை வந்தது. டீச்சரும் திரும்பி வந்தார். கையில் மாடிப்படிக் கடையின் துணிக் கத்தரி.

லிஃப்ட்டு தாளத்தை விட்டுவிட்டார். "அக்கா, வேணாம்" என்றார்.

உச்ச ஒலி ஏறி, உச்சியில் நின்றது. டீச்சர் கத்தரியை முதல் கம்பியில் வைத்து ஒரே வெட்டு. டங்.

"சரி, ஓரமா நிறுத்துங்க" என்றார்.

டேப்பு நிறுத்தினார். எப்பேர்ப்பட்ட மாணவரும் நிற்கும் குரல் அது. யாரோ கை தட்டினார்கள், எல்லோரும் தட்டினோம். டேப்பு கம்பியைப் பார்க்கவில்லை, கத்தரியையே பார்த்தார்.

"கத்தரிம்மா..."

"தெரியும்."

"கம்பிய வெட்டிட்டியே."

"பின்ன? வேற எதால வெட்டுனா நீங்க நிப்பீங்க?"

டேப்பு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "கடைசிச் சரணம் இல்லைன்னு எப்பத் தெரியும்?"

"லைசென்ஸ் வாங்குனதுக்கு அப்புறமும் வகுப்புக்கு வந்த ஆளு நீங்க. எனக்கா தெரியாது?"

"அப்புறம் எதுக்கு புது பிரிட்ஜ் வாங்கச் சொன்ன?"

"எவ்ளோ தூரம்தான் போறீங்கன்னு பாக்கத்தான்" என்றார் டீச்சர். "வாங்க, சாப்பாடு ஆறிடுச்சு."

அன்றிலிருந்து அந்தப் பாட்டுக்கு ஒரு முடிவு உண்டு. உச்ச ஒலி எழும், டீச்சர் உட்கார்ந்த இடத்திலிருந்தே "ஓரமா நிறுத்துங்க" என்பார், பாட்டு நிற்கும். இதுவரை பிரிட்ஜில் ஒரு குறையும் இல்லை. கத்தரியில்தான் கம்பி பட்ட இடத்தில் ஒரு சின்னப் பல் விழுந்துவிட்டது. சாணை பிடிக்கக் கொடுங்கள் என்று சொல்லிப் பார்த்தோம். எந்தச் சாணை நல்லது என்று தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறார். எங்கள் தெருச் சட்டைகளின் வெட்டில் எல்லாம் அந்தப் பல் பட்ட இடத்தில் மட்டும் ஒரு பிசிறு இருக்கும். வெளியே தெரியாது. தையலுக்கென்று விட்ட ஒரு நூலுக்குள் அது மடிந்து போய்விடுகிறது. கடைசிப் பொத்தான் மட்டும் பழையபடி இல்லாமலேதான் போய் வருகிறோம்.